விவிலிய நூல்களின் சீட்டாட்டம்: அட்டையில் எண் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறை வேதாகமப் பள்ளிகள் தொடங்கவிருக்கும் இந்த நேரத்தில், வேதாகமத்தின் 66 நூல்களின் பெயர்களையும் வரிசையையும் சீட்டாட்டத்தின் மூலம் பிள்ளைகளுக்குப் பழக்குவது எப்படி என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்ததையும், அதற்கு மறுமொழியாக இன்னொருவர் ஆலய வளாகத்துக்குள் சீட்டுக்கட்டு என்ற பேச்சே எழக்கூடாது என்று எழுதியிருந்ததையும் படித்தேன். நெடுங்காலம் ஓய்வுநாள் பாடசாலையில் கற்பித்தவள் என்ற முறையில் முன்னவருக்கு விரிவான விடையும் பின்னவருக்குச் சுருக்கமான விடையும் தர விரும்புகிறேன். கடிதம் சற்று நீளும். ஆட்டத்தின் விதிகளை அரைகுறையாகச் சொன்னால் ஆடுகிறவர்களுக்குள் சண்டைதான் மிஞ்சும் என்பதால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பின்னவரின் அச்சத்தை நான் எள்ளி ஒதுக்க மாட்டேன். ரம்மியில் சொத்தை இழந்தவர்களை நம் ஊர்கள் அறியும். இணையவழிச் சூதாட்டத்தைத் தடைசெய்ய நம் சட்டமன்றமே 2022-இல் மசோதா நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஆனால் சூதைச் சூதாக்குவது பணயமே தவிர அட்டை அன்று. சீட்டுக்கட்டைத் தொடவே கூடாது என்று பிள்ளைகளை வளர்த்த கிறிஸ்தவக் குடும்பங்கள் அமெரிக்காவிலும் ஏராளமாக இருந்தன. 1861-இல் அந்நாட்டின் மசாசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில் (நம் சேலம் அன்று) எழுத்தாளர்களையும் அவர்களுடைய நூல்களையும் சேர்க்கும் ‘ஆத்தர்ஸ்’ என்ற அட்டை ஆட்டம் வெளியாயிற்று. அதே ஊரில் தொடங்கப்பட்ட பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம், வழக்கமான சீட்டை வீட்டுக்குள் விடாத பக்தியுள்ள குடும்பங்களை மனத்தில் கொண்டு, ராஜா ராணி படங்கள் இல்லாமல் நிறமும் எண்ணும் மட்டும் வைத்து ஆடும் ‘ரூக்’ என்ற ஆட்டத்தை 1906-இல் கொண்டுவந்தது. வேதாகம நூல்களின் பெயரால் ஆடும் ஆட்டம் இவற்றோடு ஒத்த உறவுடையது. காசு வைக்காமல், ஆலய வராந்தாவில் எல்லோரும் பார்க்க ஆடும் ஆட்டத்தைக் கண்டு பெரியவர்கள் கலங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ‘சீட்டு’ என்ற சொல் உறுத்தினால் ‘அட்டை’ என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

நூல்களின் வரிசையை அறிவது எதற்காக என்பதைப் பார்த்தால்தான் எந்த ஆட்டம் நல்லது என்பது விளங்கும். போதகர் பீடத்திலிருந்து “செப்பனியா மூன்றாம் அதிகாரம், பதினேழாம் வசனம்” என்று சொன்னதும் ஆலயத்தில் எழும் தாள் சலசலப்பைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மத்தேயுவையும் சங்கீதத்தையும் நொடியில் எடுக்கிற கைகள் அங்கே தடுமாறும், சிலர் பக்கத்திலிருப்பவரின் வேதாகமத்தை எட்டிப் பார்ப்பார்கள், சிலர் வசனம் வாசித்து முடியும்வரை புரட்டிக்கொண்டே இருப்பார்கள். இவர்களில் பலர் சிறுவயதில் 66 பெயர்களையும் ராகம் போட்டு மூச்சுவிடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள். ஒப்பித்தல் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆயினும், ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் ஓரெட்டு எட்டிலிருந்து தொடங்கும் பிள்ளையைப் போல, பாட்டாக மட்டும் கற்றவர் செப்பனியாவுக்கு முன்னால் எந்த நூல் என்று கேட்டால் ஆதியாகமத்திலிருந்து ஓடிவர வேண்டியவராகிறார். வேதாகமத்தைக் கையில் விரித்தவருக்குத் தேவைப்படுவது வேறு. திறந்த பக்கத்தில் நாகூம் இருந்தால் முன்னோக்கிப் புரட்ட வேண்டும், ஆகாய் இருந்தால் பின்னோக்கிப் புரட்ட வேண்டும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். ஒவ்வொரு நூலுக்கும் அதன் இரு பக்கத்து அயலார் யார் என்று அறிந்தவருக்கே அது கைகூடும். ஆகவே அயலாரைக் கற்பிக்கும் ஆட்டமே நமக்கு வேண்டியது.

கடையில் கிடைக்கும் அச்சிட்ட கட்டுகளில் நான் பார்த்த ஒன்றில், ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் நூலின் வரிசை எண் பெரிதாக இருந்தது. பிள்ளைகள் அதை வைத்து வெகு வேகமாக ஆடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 35-க்குப் பக்கத்தில் 36-ஐ வைப்பதற்கு ஆபகூக்கையும் செப்பனியாவையும் அறிய வேண்டிய தேவையே இல்லை, எண்ணத் தெரிந்தால் போதும். “முப்பத்திரண்டு யாரிடம்?” என்றுதான் கேட்டார்களே தவிர, யோனா யாரிடம் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. எண்ணை ஒரு துண்டுத் தாளால் ஒட்டி மறைத்த பிறகு அதே பிள்ளைகள் அதே கட்டோடு திணறினார்கள், பிறகு மெல்லக் கற்றார்கள். அட்டையில் எண் வேண்டாம் என்பதை இக்கடிதத்தின் மையக் கருத்தாகவே கொள்ளலாம்.

இதோடு இன்னொரு பழக்கத்தையும் கைவிடச் சொல்வேன். 66 அட்டைகளையும் தரையில் கொட்டிவிட்டு, இரண்டு அணிகளாகப் பிரித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எந்த அணி முதலில் அடுக்குகிறது என்று நடத்தும் போட்டி விடுமுறைப் பள்ளிகளின் நிறைவு நாளில் பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வோர் அணியிலும் ஏற்கெனவே தெரிந்த இரண்டு பிள்ளைகளே குனிந்து அடுக்குவார்கள். மற்றவர்கள் சுற்றி நின்று கூச்சல் போடுவார்கள். யாருக்காக ஆட்டம் வைத்தோமோ அவர்களுக்கு அதில் ஓர் அட்டையைத் தொடும் வாய்ப்புகூடக் கிடைப்பதில்லை.

இனி அட்டை செய்யும் முறை. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்புறத்தை வெட்டிப் பயன்படுத்தலாம் என்று பலருக்கும் தோன்றும். செய்யாதீர்கள். ஒவ்வொன்றின் நிறமும் பூவேலையும் வேறாக இருக்கும். இரண்டு ஆட்டத்துக்குள் பொன்நிறக் கோடு போட்டது மல்கியா, சிவப்பு மூலை உடையது ரூத் என்று பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். ஒரே நிறத்துச் சார்ட் அட்டையைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்ட வேண்டும். ஸ்கெட்ச் பேனாவின் மை மறுபக்கம் ஊறித் தெரியும். பால்பாயின்ட் பேனா நல்லது. விசிறிபோலக் கையில் பிடிக்கும்போது இடது மேல்மூலை மட்டுமே கண்ணுக்குத் தெரியும் என்பதால் பெயர் அந்த மூலையில் இருக்க வேண்டும், அட்டையைத் தலைகீழாக எடுத்தாலும் தெரியும்படி எதிர்மூலையிலும் இருக்க வேண்டும். அப்போஸ்தலருடைய நடபடிகள், வெளிப்படுத்தின விசேஷம் போன்ற நீண்ட பெயர்களை மூலையில் ‘அப்.’, ‘வெளி.’ என்று சுருக்கி, நடுவில் முழுமையாக எழுதலாம். ஒத்துவாக்கியங்களில், அதாவது ஒத்த வசனங்களைச் சுட்டும் குறிப்புகளில், வரும் சுருக்கங்களும் இதனால் பழகிவிடும். ஆனால் ‘யோ’ என்று தொடங்குகிறவற்றை எந்த இடத்திலும் சுருக்க வேண்டாம். யோசுவா, யோபு, யோவேல், யோனா, யோவான் என ஐந்து பெயர்கள் அந்த எழுத்தில் தொடங்குகின்றன, யோவான் பெயரிலோ சுவிசேஷம் ஒன்றும் நிருபங்கள் மூன்றும் இருக்கின்றன. பிள்ளைகள் மிகுதியாகத் தடுமாறும் இடம் இதுதான்.

முதல் ஆட்டத்தைப் பழைய ஏற்பாட்டின் 39 அட்டைகளோடு மட்டும் தொடங்குவது நல்லது. 66-ஐயும் ஒரே நாளில் இறக்கினால் சிறிய கைகளில் அட்டைகள் நிற்காது. 39-இலிருந்து யோசுவா, சங்கீதம், ஓசியா ஆகிய மூன்றையும் எடுத்து முகம் தெரியப் பாயின்மேல் வைத்துவிட்டால் மீதி 36. நான்கு பேருக்கு ஒன்பது ஒன்பதாக வரும். கலைத்துப் பகிர்ந்த பின், பகிர்ந்தவரின் இடப்பக்கத்தில் இருப்பவர் தொடங்குவார். தம் முறை வரும்போது ஒருவர் ஓர் அட்டையை இறக்கலாம். அது பாயின்மேல் ஏற்கெனவே இருக்கும் ஓர் அட்டைக்கு உடனடியாக முன்னாலோ உடனடியாகப் பின்னாலோ வருகிற நூலாக இருக்க வேண்டும். அதாவது தொடக்கத்தில் யோசுவாவுக்கு முன்னால் உபாகமமும் பின்னால் நியாயாதிபதிகளும், சங்கீதத்துக்கு முன்னால் யோபும் பின்னால் நீதிமொழிகளும், ஓசியாவுக்கு முன்னால் தானியேலும் பின்னால் யோவேலும் இறங்கலாம். மற்றவை காத்திருக்க வேண்டும். இறக்க ஒன்றும் இல்லாதவர் ‘பாஸ்’ சொல்லி அடுத்தவருக்கு விடுவார். கையைக் காலி செய்கிறவர் வென்றவர். ஆயினும் அவர் வென்றதும் அட்டைகளைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடக் கூடாது. கடைசி அட்டை இறங்கி 39-உம் முழுமையாக நிற்கும்வரை ஆட்டம் தொடர வேண்டும். ஏழாம் எண் சீட்டைப் பாயில் வைத்து மேலும் கீழுமாக வளர்க்கும் சீட்டாட்டத்தை அறிந்தவர்களுக்கு இது அதன் தம்பி என்பது புரிந்திருக்கும்.

அட்டைகளை ஒரே நீண்ட வரிசையாக அடுக்காமல் ஐந்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். நியாயப்பிரமாண ஆகமங்கள் ஐந்தும் முதல் வரிசை. யோசுவாமுதல் எஸ்தர்வரை சரித்திர ஆகமங்கள் பன்னிரண்டும் இரண்டாவது. யோபுமுதல் உன்னதப்பாட்டுவரை ஐந்தும் மூன்றாவது. ஏசாயாமுதல் தானியேல்வரை பெரிய தீர்க்கதரிசிகளின் ஐந்து நூல்கள் நான்காவது. ஓசியாமுதல் மல்கியாவரை சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிருவரும் ஐந்தாவது. உபாகமம் முதல் வரிசையின் கடைசியில், அதற்கு முன் நான்கு அட்டைக்கு இடம் விட்டு இறங்கும். எந்த நூல் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை நாம் தனியாகப் பாடம் நடத்தாமலே பாய் கற்பித்துவிடும்.

ஆட்டத்தின் சுவை எங்கே இருக்கிறது என்பதை ஒரு கையைக் கொண்டு காட்டுகிறேன். உங்களுக்கு உபாகமம், ரூத், 2 நாளாகமம், பிரசங்கி, புலம்பல், தானியேல், யோவேல், நாகூம், மல்கியா ஆகிய ஒன்பதும் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள்தான் தொடங்க வேண்டும். இறக்கக்கூடியவை உபாகமம், தானியேல், யோவேல் ஆகிய மூன்று. இவற்றில் எது? அவசரக்காரப் பிள்ளை உபாகமத்தை இறக்கும், ஏனெனில் அது பழகிய பெயர். ஆனால் ஆதியாகமம்முதல் எண்ணாகமம்வரையுள்ள நான்கும் உபாகமம் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் இறங்க முடியும்; ஆதியாகமத்துக்கு முன்னால் நூல் இல்லாததால் அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது. அந்த நான்கில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லை. ஆகவே உபாகமத்தை நீங்கள் வைத்திருக்கும்வரை மற்றவர்களுக்குத்தான் முடக்கம். உங்களுக்கு இழப்பு இல்லை. யோவேலின் கதை நேர்மாறானது. ஓசியாவுக்குப் பின் யோவேல் இறங்கினால்தான் ஆமோஸ்முதல் மல்கியாவரை பத்து நூல்கள் ஒவ்வொன்றாக இறங்க முடியும். மல்கியாவோடு பழைய ஏற்பாடு முடிந்துவிடுவதால் அங்கும் மறுவாசல் கிடையாது. நாகூமும் மல்கியாவும் உங்கள் கையிலேயே இருக்கும்போது யோவேலை அடைத்து வைப்பது உங்கள் காலில் நீங்களே கல்லைப் போட்டுக்கொள்வதாகும். எனவே முதலில் யோவேல். அடுத்த முறை தானியேல். அதைக் கண்டு எசேக்கியேலை வைத்திருப்பவர் இறக்கினால் உங்கள் புலம்பலுக்கு வழி பிறக்கும். யோசுவாவுக்கும் சங்கீதத்துக்கும் இடையில் சிக்கிய ரூத்துக்கும் 2 நாளாகமத்துக்கும் இரு பக்கமிருந்தும் வழி உண்டு என்பதால் அவற்றைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இப்படிக் கணக்குப் பார்க்கத் தொடங்கிய பிள்ளை, யோவேலுக்குப் பின் யார் யார், எத்தனை பேர் என்பதை இனி மறக்காது. கட்டிலேயே வலிமை மிகுந்த அட்டை எது என்று கேட்டால் ஆதியாகமம் என்றோ சங்கீதம் என்றோ பெரியவர்கள் சொல்வார்கள். விவரம் தெரிந்த சிறுவன், மூன்றே அதிகாரம் கொண்ட யோவேல் என்பான்.

அடைத்து வைப்பது கிறிஸ்தவப் பண்புக்கு ஏற்றதா என்று நல்மனம் படைத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. ஆட்டத்தில் மறைப்பது பொய்யாகாது என்பதே என் எண்ணம். இருந்தாலும் ஒரு வரம்பு வேண்டும்: இறக்கக்கூடிய அட்டை கையில் இருக்கும்போது ‘பாஸ்’ சொல்லக் கூடாது. பல அட்டைகள் இறக்கக்கூடியவையாக இருந்தால் எதை இறக்குவது என்பது அவரவர் விருப்பம். ஒன்றே ஒன்றுதான் இறக்கக்கூடியது என்றால் அதை இறக்கியே தீர வேண்டும். தெரியாமல் ‘பாஸ்’ சொன்ன பிள்ளைக்கு எந்தத் தண்டனையும் தேவையில்லை. எட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் ஆடினால் இந்த நுணுக்கம் ஒன்றும் வேண்டாம்; எல்லோரும் தங்கள் அட்டைகளை முகம் தெரியத் தரையில் பரப்பி வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து ஆடட்டும்.

சண்டை வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. ஒருவர் தவறான அட்டையை இறக்கினால் என்ன செய்வது? யாருக்குச் சந்தேகம் எழுந்தாலும் அவர் உடனே கையை உயர்த்தலாம். வேதாகமத்தைத் திறந்து அட்டவணைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். தவறாக இருந்தால் இறக்கியவர் அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு அந்த முறையை இழப்பார். சரியாக இருந்தால், சந்தேகப்பட்டவருக்கு அபராதம் விதிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். கூடவே கூடாது. அபராதம் வைத்தால் நன்றாகத் தெரிந்த பிள்ளை மட்டுமே கையை உயர்த்தும், அரைகுறையாகத் தெரிந்த பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அட்டவணையைத் திறந்து பார்க்கும் அந்த நொடியில்தான் கல்வி நடக்கிறது. அது அடிக்கடி நடக்கட்டும். ஆசிரியர் வாயைத் திறந்து விடையைச் சொல்லாமல் இருப்பது இங்கே முக்கியம், எனக்கு மிகக் கடினமாக இருந்ததும் அதுவே.

இரண்டு மூன்று ஆட்டம் ஆனதும், ஏன் இந்த நூல் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று பிள்ளைகளே கேட்பார்கள். கேட்ட பிறகு சொன்னால் நிற்கும். ரூத்தின் கதை நியாயாதிபதிகளின் காலத்தில் நடந்தது. ஆகவே அதன் பின்னால் நிற்கிறது. கோரேஸ் ராஜாவின் கட்டளையோடு 2 நாளாகமம் முடிகிறது, அதே கட்டளையோடு எஸ்றா தொடங்குகிறது. இவ்விரண்டையும் இனி யாராலும் பிரிக்க முடியாது. எரேமியாவின் பெயரோடு மரபு சேர்த்துச் சொல்வதால் புலம்பல் அவருக்கு அடுத்து வருகிறது. தீர்க்கதரிசிகளில் பெரியவர், சிறியவர் என்பது நூலின் அளவைக் குறித்ததே: ஏசாயாவுக்கு 66 அதிகாரங்கள், ஒபதியாவுக்கு ஒரே அதிகாரம், 21 வசனங்கள். காலத்தால் எரேமியாவுக்கு முற்பட்டவரான ஆமோஸ் வரிசையில் பிந்தி நிற்பதற்கு இதுவே காரணம்.

புதிய ஏற்பாட்டில் இதே ஆட்டத்தை ஆட, அப்போஸ்தலருடைய நடபடிகள், 1 தெசலோனிக்கேயர், யாக்கோபு ஆகிய மூன்றையும் பாயில் வையுங்கள். மீதி 24, நான்கு பேருக்கு ஆறு ஆறு. நடபடிகளை லூக்கா எழுதியவர் என்று அறிந்த பிள்ளைகள் லூக்காவை அதற்கு முன்னால் இறக்கப் பார்ப்பார்கள், இடையில் யோவான் நிற்பதை மறந்துவிடுவார்கள். கலாத்தியர், எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர் என்ற நான்கும் பெரியவர்களையே குழப்பும். பவுலின் நிருபங்கள் எழுதப்பட்ட காலத்தைப் பார்த்து அடுக்கப்படவில்லை என்பதையும், சபைகளுக்கு எழுதியவை முதலிலும் தனி ஆட்களுக்கு எழுதியவை பின்னரும், ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் ஏறத்தாழ நீளமானது முன்னும் குறுகியது பின்னுமாக நிற்கின்றன என்பதையும் சொன்னால், ரோமர் ஏன் தலையிலும் பிலேமோன் ஏன் வாலிலும் இருக்கின்றன என்பது விளங்கும். பிலிப்பியரையும் பிலேமோனையும் மாற்றி எடுக்கும் வழக்கமும் அதோடு போகும்.

இரண்டாவது ஆட்டம் கேட்டு வாங்கும் ஆட்டம். இதற்கு 66 அட்டைகளும் வேண்டும். ஆறு பேர் இருந்தால் பதினொன்று பதினொன்றாகக் கச்சிதமாக வரும். இதில் வரிசையைவிடக் கூட்டமே முக்கியம். பன்னிரண்டு அட்டைகள் கொண்ட கூட்டத்தைச் சேர்ப்பது எவருக்கும் மலைப்பாக இருக்கும் என்பதால், பெரிய கூட்டங்களை உடைத்துக்கொள்ள வேண்டும்: சரித்திர ஆகமங்களில் யோசுவா, நியாயாதிபதிகள், ரூத் ஒரு செட், சாமுவேல், இராஜாக்கள், நாளாகமம் என்ற இரட்டைகள் ஆறும் ஒரு செட், எஸ்றா, நெகேமியா, எஸ்தர் ஒரு செட். சிறிய தீர்க்கதரிசிகளை நான்கு நான்காகப் பிரிக்கலாம். நடபடிகளைச் சுவிசேஷங்களோடும், வெளிப்படுத்தின விசேஷத்தை எபிரெயர்முதல் யூதாவரையுள்ள நிருபங்களோடும் சேர்த்துக்கொள்ளலாம். பவுல் சபைகளுக்கு எழுதிய ஒன்பதும் ஒரு செட், தீமோத்தேயு, தீத்து, பிலேமோன் ஆகியோருக்கு எழுதிய நான்கும் ஒரு செட்.

தம் முறை வரும்போது ஒருவர் யாரையேனும் பார்த்து, “அக்கா, சிறிய தீர்க்கதரிசிகளில் மீகா உங்களிடம் இருக்கிறதா?” என்று கேட்க வேண்டும். கேட்கிறவர் கையில் அதே செட்டைச் சேர்ந்த ஓர் அட்டையாவது இருக்க வேண்டும். தம் கையிலேயே உள்ளதைக் கேட்கக் கூடாது. கூட்டத்தின் பெயரையும் நூலின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தால் அக்கா கொடுத்துவிட வேண்டும், கேட்டவர் மேலும் கேட்கலாம். இல்லையென்றால் கேட்கும் முறை அக்காவுக்குப் போகும். ஒரு செட் முழுமையானதும் அதை வரிசையாக அடுக்கிக் கீழே வைக்க வேண்டும், வரிசை பிசகினால் சரியாக அடுக்கும்வரை அது கணக்கில் வராது. செட்டில் எத்தனை அட்டையோ அத்தனை புள்ளி. யார் எதைக் கேட்டார்கள் என்று காது கொடுத்துக் கேட்கிற பிள்ளையே இதில் வெல்லும். வாய்விட்டுப் பெயரைச் சொல்லியே ஆக வேண்டியிருப்பதால், ஆபகூக், தெசலோனிக்கேயர் என்று சொல்லக் கூசும் பிள்ளைகளின் நாவும் திருந்தும். முதல் நாட்களில் ஒவ்வோர் அட்டையின் அடியிலும் அந்தச் செட்டின் மற்ற நூல்களைச் சிறிய எழுத்தில் குறித்துவைக்கலாம். ஆனால் வேதாகம வரிசையில் வேண்டாம், கலைத்து எழுதுங்கள்.

கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளும் சேர்ந்து ஆடினால் ஓர் ஏற்பாடு தேவை. அவர்கள் கையிலுள்ள திருவிவிலியத்தில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயரின் இரு நூல்கள் ஆகிய ஏழும் சேர்ந்து நூல்கள் 73 ஆகும். பெயர்களும் பல இடங்களில் வேறு. அட்டையின் ஒரு முனையில் ஆதியாகமம் என்றும் மறுமுனையில் தொடக்கநூல் என்றும், அவ்வாறே யாத்திராகமத்துக்கு விடுதலைப் பயணம், சங்கீதத்துக்குத் திருப்பாடல்கள் என்றும் எழுதிவிட்டால், அவரவர் தமக்குப் பழகிய முனையை மேலாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ளலாம். வரிசையைப் பற்றி விவாதம் வேண்டாம். அன்றைக்கு யாருடைய வேதாகமம் பாயின் அருகில் திறந்திருக்கிறதோ அதன் அட்டவணையே சட்டம் என்று ஆட்டத்துக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் சிறுவர் மலரின் ஒரு பக்கத்தில் இந்த 66 பெயர்களையும் வெட்டி எடுக்கக்கூடிய ஒரே அளவுக் கட்டங்களாக, இரு மூலைகளிலும் பெயர் வரும்படி அச்சிட்டு உதவினால், சார்ட் அட்டையில் ஒட்டி வெட்டும் வேலையைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நாளிதழ்த் தாளின் மறுபக்கச் செய்தி அட்டையில் ஒட்டும்போது மறைந்துவிடும் என்பதால் அதைப் பற்றிக் கவலை இல்லை. கட்டங்களை வேதாகம வரிசையில் அடுக்காமல் கலைத்து அச்சிடுங்கள், அப்போதுதான் வெட்டும்போதே வேலை தொடங்கும். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக ஏழு வெற்றுக் கட்டங்களையும் சேர்த்துவிடுங்கள். எழுத்துக்கோக்கும் பிரிவில் உள்ளவர்கள் பழக்க தோஷத்தில் 1, 2, 3 என்று எண் போட்டுவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன். 1 சாமுவேல், 2 சாமுவேல் போன்றவற்றில் பெயரோடு சேர்ந்த எண் மட்டும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
நாசரேத், தூத்துக்குடி மாவட்டம்.